நிராகரிக்கப்பட்ட இயலாமை இழப்பீட்டு விண்ணப்பத்தைப் புதிய சான்றுடன் மறுபடி தொடங்க முடியுமா?

அமெரிக்கப் படையில் பணியாற்றிய உங்கள் மாமனாரின் இயலாமை இழப்பீட்டு விண்ணப்பத்தை அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை பத்தாண்டுகளுக்கு முன் நிராகரித்தது என்றும், நச்சுப்பொருள் பாதிப்புக்கு இப்போது புதிய சான்று கிடைத்திருப்பதால் பயனுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உறுதியாகப் பயனுண்டு.

டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், வியட்நாம் போர்க்காலத்தில் தாய்லாந்தின் உடோன் தளத்தில் விமானப் பழுதுபார்ப்பவராக இருந்தவர். நீரிழிவுக்காக அவர் முதலில் விண்ணப்பித்தபோது, நீரிழிவோடு தொடர்புபடுத்தப்படும் களைக்கொல்லியின் பாதிப்பு, அது தெளிக்கப்பட்ட சுற்றுவேலியை ஒட்டிப் பணிபுரிந்தவர்களுக்கு மட்டுமே ஏற்கப்பட்டதால், அவருக்கு மறுப்பே கிடைத்தது. 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான, நச்சுப்பொருளால் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கான பாக்ட் (PACT) சட்டமோ, 1962 ஜனவரி 9 முதல் 1976 ஜூன் 30 வரையிலான காலத்தில் அங்குள்ள எந்தத் தளத்தில் எந்த வேலை செய்திருந்தாலும் பாதிப்பு நேர்ந்ததாகவே கொள்கிறது. மறுபடி விண்ணப்பித்தபோது, அங்கே இருந்ததையும் நோயையும் காட்டியதே அவருக்குப் போதுமானதாயிற்று. ஈராக், ஆப்கானிஸ்தான் தளங்களில் திறந்தவெளிக் குப்பை எரிகுழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் அச்சட்டம் இருபதுக்கும் மேற்பட்ட நோய்களை ஏற்கிறது. எனவே மாமனார் பணியாற்றிய இடமும் காலமும் அதில் அடங்குமா என்பதை முதலில் பாருங்கள்.

அடங்காவிட்டால் பழைய மறுப்புக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். நோய், பணிக்காலப் பாதிப்பு, இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஆகிய மூன்றில் எது நிரூபிக்கப்படவில்லை என்பது அதில் இருக்கும். புதிய சான்று அந்தக் குறையைத் தொட வேண்டும். மறுக்கப்பட்ட வழக்கை மறுபடி பார்க்கக் கேட்பது துணை விண்ணப்பம் எனப்படும்; 20-0995 என்ற படிவத்தில் தரப்படும் அதற்கு, சான்று முன்பு கோப்பில் இல்லாததாகவும் வழக்கோடு தொடர்புடையதாகவும் இருந்தால் போதும். மருத்துவரின் கடிதத்தில், பணிக்காலப் பாதிப்பால் நோய் வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குக் குறையாது என்ற கருத்தும், அதற்கான காரணங்களும் தெளிவாக இருக்கட்டும்.

பலரும் கவனிக்காதது தேதி. மறுப்பு வந்து ஓராண்டு கடந்துவிட்டால், புதிய மருத்துவச் சான்றால் வெல்லும் வழக்கில் பணம் பொதுவாகத் துணை விண்ணப்பத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும். ஆனால் முதல் முடிவின்போதே இருந்தும் கோப்பில் சேராத படைத்துறை ஆவணம் ஒன்று கிடைத்து, அதன் அடிப்படையில் வென்றால், முதல் விண்ணப்பத் தேதி வரை பின்னோக்கிச் செல்ல வழியுண்டு. ஆகவே மருத்துவரைத் தேடும் முன், பணிமாற்ற உத்தரவுகளையும் படைப்பிரிவின் பதிவுகளையும் தேடிக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற முன்னாள் படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இதற்கு இலவசமாகவே உதவுகிறார்கள். முன்பணம் கேட்பவர்களிடம் கோப்பை ஒப்படைத்துவிடாதீர்கள்.