விட்சர் 4: எவ்வளவு எதிர்பார்க்கலாம்? – கேள்வி பதில்

2024 டிசம்பர் 12 அன்று கேம் அவார்ட்ஸ் மேடையில் விட்சர் 4 வீடியோ கேமின் ட்ரெய்லர் வந்தது. விட்சர் என்றால் காசுக்கு அரக்கர்களை வேட்டையாடுபவர். இதுவரை நாம் ஆடியது கெரால்ட் என்ற விட்சராக, இனி அவர் வளர்ப்பு மகள் சிரியாக. அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. கெரால்ட்டுக்குப் பதில் சிரியா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம், விட்சர் 3 எடுத்த சிடி ப்ராஜெக்ட் ரெட் ஸ்டுடியோக்காரர்கள் சொதப்ப மாட்டார்கள் என்று கண்ணை மூடி நம்புபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள் இங்கே. விட்சர் 3 இன்னும் முடிக்காதவர்கள் கவனம், அதன் கதை முடிவுகளைப் பேசியிருக்கிறேன்.

கெரால்ட் இல்லாமல் என்ன விட்சர் அண்ணா? வாளோடு சிரி ஓடுவதைப் பார்க்கவா பத்து வருஷம் காத்திருந்தோம்?

கெரால்ட் கதையை ஸ்டுடியோ 2016லேயே முடித்துவிட்டது. விட்சர் 3இன் கூடுதல் கதையான 'பிளட் அண்ட் ஒயின்' கடைசியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம், வீடு, கட்டில், சமையல்காரி எல்லாம் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவரை மறுபடி எழுப்பிக் கூட்டி வந்தால் அந்த முடிவுக்கு மரியாதை இல்லை. நான்காம் பாகத்திலும் கெரால்ட் வருகிறார், கதாநாயகனாக மட்டும் இல்லை. யோசித்துப் பாருங்கள், விட்சர் 3 முழுக்க நாம் செய்தது சிரியைத் தேடியதுதான். அடுத்த கதை அவளுடையது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பெண்களுக்கு மூலிகைச் சோதனை கிடையாதே? சிரி எப்படி முழு விட்சர் ஆனாள்? இது கதையை வளைப்பது இல்லையா?

உடம்பை மாற்றும் அந்தச் சோதனையைச் சிரி கடந்துவிட்டாள் என்று ஸ்டுடியோ சொல்லிவிட்டது. மூலக் கதைகளில் விட்சர்களின் கோட்டையான கேர் மோர்ஹனில் அவளுக்கு வாள் பயிற்சி கொடுத்தார்கள், மூலிகை கலந்த சாப்பாடு கொடுத்தார்கள், உடல் மாற்றம் மட்டும் செய்யவில்லை. அதனால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் "செய்முறையே தொலைந்துபோச்சே" என்ற வாதம் நிற்காது. விட்சர் 3இல் ஊமா என்ற அந்தக் குட்டை உருவத்தின் சாபத்தை நீக்க, மந்திரவாதினி யெனிஃபர் அதே கோட்டையில் அதே சோதனையின் முதல் கட்டத்தை நடத்துகிறாள். மேசை, குழாய், கஷாயம் எல்லாம் நம் கண் முன்னால்தான் இருக்கிறது. வழி இருக்கிறது. அவள் ஏன் அதற்குச் சம்மதித்தாள் என்பதைக் கதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். எனக்கு இருக்கும் ஒரே கவலை அதுதான்.

என் சேவில் சிரி திரும்பி வரவே இல்லை. மகாராணி ஆக்கியவர்களும் இருக்கிறார்கள். நான்காம் பாகத்துக்கு முன் 'விட்சர் சிரி' முடிவை எப்படி எடுப்பது?

மூன்று முடிவுகளில் புதிய கதையோடு நேராக ஒட்டுவது இது ஒன்றுதான். எடுத்துவிட்டு உட்காருவது நல்லது. ஐந்து இடங்கள் இருக்கின்றன, அவளை நம்பும் பதில்கள் (கூட்டல்) நம்பாத பதில்களைவிட (கழித்தல்) அதிகமாக இருக்க வேண்டும். மூன்று சரியாக விழுந்தால் அவள் பிழைப்பாள்.

கேர் மோர்ஹன் சண்டை முடிந்து அவள் சோர்ந்து கிடக்கும்போது, மனசை லேசாக்க ஒரு வழி தெரியும் என்ற பதிலை எடுங்கள், பனிப்பந்து விளையாட்டு தொடங்கும். "எல்லாவற்றிலும் கெட்டியாக இருக்க வேண்டியதில்லை" என்ற பதில் ஆறுதல் மாதிரித்தான் கேட்கும், ஆனால் அது குடிக்க உட்கார வைத்துக் கழித்தல் போடும். பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான். பிறகு நோவிகிராடில் மந்திரவாதினிகளைப் பார்க்கப் போகும்போது, நீயே தனியாகப் பேசு என்று விடுங்கள். கூடப் போகாதீர்கள். அவளுக்கு வழிகாட்டும் எல்ஃப் அவல்லாக்கின் ஆய்வறையில் கோபம் வந்து சாமானை உடைக்கப் பார்ப்பாள். தடுக்காமல் நீங்களும் சேர்ந்து உடையுங்கள். அதன்பின் தனக்கு உதவிய ஸ்க்யால் என்பவனின் கல்லறைக்குப் போகலாமா என்று கேட்பாள். நேரம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

ஐந்தாவது, விசிமாவில் இருக்கும் அவள் அப்பா எம்ஹிர், நில்ஃப்கார்ட் சக்கரவர்த்தி. விட்சர் முடிவுதான் வேண்டும் என்றால் அங்கே போகவே வேண்டாம், பனிப்பந்து முடிந்ததும் நேராக வெலன் போகலாம் என்று சொல்லுங்கள். அழைத்துக்கொண்டு போய்க் காசை மறுத்தால் கூட்டல் விழும், ஆனால் போரில் நில்ஃப்கார்ட் ஜெயிக்கும்படி உங்கள் ஆட்டம் இருந்தால் அவள் மகாராணி ஆகிவிடுவாள். காசை வாங்கினால் கழித்தல்.

இதெல்லாம் கேர் மோர்ஹன் சண்டைக்குப் பிறகு. அதற்கும் முன்னால் பனிமூட்டத் தீவுக்குக் கிளம்பும்போது கேமே எச்சரிக்கை காட்டும். அந்த இடத்தில் கைச்சேவ் ஒன்று போட்டு வையுங்கள், ஆட்டோசேவை நம்ப வேண்டாம். முடிவு தப்பினால் அங்கிருந்து திரும்ப ஆடலாம்.

விட்சர் 4 டெக் டெமோவில் சாதா பிஎஸ்5இலேயே நொடிக்கு 60 ஃப்ரேம், ரே ட்ரேசிங்கோடு (நிஜம் போன்ற ஒளி, நிழல்) ஓடியது. அப்படியே வருமா சார்?

2025 ஜூன் 3 அன்று, விட்சர் 4 பயன்படுத்தும் அன்ரியல் எஞ்சினின் விழாவான அன்ரியல் ஃபெஸ்டில் காட்டியது அது. கோவிர் நாடு, வால்ட்ரெஸ்ட் துறைமுகம், கெல்பி என்ற குதிரை, நூற்றுக்கணக்கான ஆட்கள் நடமாடும் சந்தை. ஓடியது உண்மை. ஆனால் அது எஞ்சினின் திறமையைக் காட்டச் செய்த தனித் துண்டு, கேமிலிருந்து வெட்டி எடுத்த காட்சி இல்லை என்று ஸ்டுடியோவே தெளிவாகச் சொன்னது. ஒரு வழியில் மட்டும் நடந்து போகும் டெமோவில் நினைவகம் எங்கே நிரம்பும் என்று முன்பே தெரியும். திறந்த உலகத்தில் நீங்கள் குதிரையை எந்தப் பக்கம் திருப்புவீர்கள் என்று எஞ்சினுக்குத் தெரியாது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வைத்திருப்பவர்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதில் 60 எட்டுவது மிகக் கடினம் என்று ஸ்டுடியோவின் தொழில்நுட்பப் பொறுப்பாளரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 30க்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அன்ரியல் 5 என்றாலே ஸ்டட்டர், நொடிக்கு நொடி ஆட்டம் வெட்டி வெட்டி நிற்கும். சொந்த ரெட் எஞ்சினை ஏன் விட்டார்கள்?

2022 மார்ச்சில் அறிவித்துவிட்டுத்தான் மாறினார்கள். ஒவ்வொரு கேமுக்கும் எஞ்சினையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தால், ஆறு வருடத்தில் மூன்று விட்சர் என்ற அவர்கள் திட்டம் நடக்காது. சொந்த எஞ்சின் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பர் 14 அன்று விட்சர் 3க்கு வந்த பெரிய அப்டேட், ரெட் எஞ்சினில்தான், கணினியில் எப்படித் திணறியது என்பது நினைவிருக்கும்.

ஸ்டட்டரில் இரண்டு ஜாதி. முதலாவது ஷேடர், அதாவது திரையில் ஒளியும் நிறமும் எப்படித் தெரிய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல். புதிய மாயமோ புகையோ முதன்முதலாகத் திரையில் வரும்போது அதற்கான ஷேடரை உங்கள் கார்டுக்கு ஏற்ப அந்த நொடியிலேயே தயாரிப்பதால் ஒரு வெட்டு விழும். இரண்டாம் தடவை வராது. கேம் தொடக்கத்தில் 'ஷேடர் தயாராகிறது' என்று பட்டை ஓடினால் அதைத் தாண்டாமல் முடிய விடுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபி ஆக்குங்கள். டிரைவர் மாற்றினால் அந்தக் கேஷ் செல்லாது, மறுபடி முதலிலிருந்து தயாராகும். அதனால் பாதிக் கேமில் காரணமில்லாமல் டிரைவர் மாற்றாதீர்கள்.

இரண்டாவது, ஓடும்போது வரும் வெட்டு. உலகத்தின் அடுத்த துண்டை ஏற்றும்போது சிபியூவில் ஒரு இழை அடைத்துக்கொள்வதால் வருவது. இதற்கு செட்டிங்ஸில் மருந்து கிடையாது. கிராபிக்ஸைக் குறைத்தாலும் போகாது. கேமை எஸ்எஸ்டியில் போடுவதும், 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் ஃப்ரேமை 40இல் கட்டுவதும் கொஞ்சம் மறைக்கும். 40 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 25 மில்லி நொடி, நேரக் கணக்கில் 30க்கும் 60க்கும் சரியாக நடுவில். அந்த டெமோவில் எனக்கு அழகைவிடப் பிடித்தது, துண்டுகளை வேகமாக ஏற்றும் புது முறையைச் சேர்த்திருந்ததுதான். நோய் எங்கே என்று பார்த்திருக்கிறார்கள்.

இப்போதே கிராபிக்ஸ் கார்டு வாங்கி வைக்கலாமா ப்ரோ?

வேண்டாம். 2026 முடிவதற்குள் வெளியிடும் திட்டம் இல்லை என்று கம்பெனியே முதலீட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறது. வேறு கேமுக்காக வாங்குவதானால் 8 ஜிபி வீரேமை (கார்டின் சொந்த நினைவகம்) தவிர்த்து 12, 16 பாருங்கள். ஏற்கனவே 8 இருந்தால் திணறும்போது முதலில் ரெசல்யூஷனைத் தொடாதீர்கள், டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள்.

சைபர்பங்க் கதை மறுபடி நடந்தால்? முன்பதிவு செய்யலாமா?

இதே ஸ்டுடியோவின் சைபர்பங்க் 2077, 2020 டிசம்பர் 10 வெளியீடு, 18ஆம் தேதி சோனி தன் கடையிலிருந்தே தூக்கியது, திரும்ப வந்தது 2021 ஜூனில். பழைய கன்சோல்களில் ஓடாததை விற்றதுதான் குற்றம். 2015 விட்சர் 3க்கும் முந்தைய ட்ரெய்லரை விட வெளிச்சம் குறைந்துபோச்சு என்று பெரிய சண்டை நடந்தது. இந்தத் தடவை பார்த்த ட்ரெய்லரும் முன்கூட்டியே ரெண்டர் செய்ததுதான்.

டிஜிட்டலில் சரக்கு தீர்ந்து போகாது. முன்பதிவு எதற்கு? வெளியான அன்று வாங்குவதென்றால் திருப்பித் தரும் விதியைப் பார்த்து வாங்குங்கள். ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் வரும். ஷேடர் தயாராகும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும், கேம் திறந்திருக்கிறதல்லவா. ஜிஓஜியில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். பிளேஸ்டேஷனில் டவுன்லோடைத் தொடங்கிவிட்டாலே பெரும்பாலும் கதை முடிந்தது.

விட்சர் 3 சண்டை வழுக்குகிற மாதிரி இருக்கும். இதிலாவது மாறுமா?

சிரி ட்ரெய்லரில் மருந்து குடிக்கிறாள், சங்கிலியைச் சுழற்றி பவுக் என்ற அரக்கனைக் கட்டுகிறாள். மூன்றில் அவளாக ஆடும் பகுதிகளில் மருந்தும் கிடையாது, சைன் என்ற விட்சர் மந்திரமும் கிடையாது, பாய்ந்து மறைவது மட்டும்தான். ஆக ஆட்டம் வேறாகத்தான் இருக்கும். மூன்றில் வழுக்கலைக் குறைக்க, விளையாட்டு அமைப்பில் கெரால்ட்டின் அசைவை 'மாற்று' என்று வையுங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும்.

மூன்றை மறுபடி ஆட ஏற்றினேன், என் பழைய கணினியில் டைரக்ட்எக்ஸ் 12இல் திணறுகிறது.

லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 11ஐத் தேர்ந்தெடுங்கள். ரே ட்ரேசிங்கும், என்விடியாவின் ஃப்ரேம் கூட்டும் வசதியான டிஎல்எஸ்எஸ்ஸும் போகும், ஆட்டம் சீராகும். லாஞ்சரே வேண்டாம் என்றால் கேம் போல்டரில் 'பின்' உள்ளே போங்கள். இரண்டு போல்டர் இருக்கும், பெயரில் 12 இல்லாததுதான் 11. அதற்குள் இருக்கும் ஃபைலை நேராகச் சொடுக்கினால் போதும். சேவ் இரண்டுக்கும் பொது.

ஒன்று, இரண்டு பாகங்களையும் ஆட வேண்டுமா?

2007இல் வந்த முதல் பாகத்துக்கு இன்று பொறுமை வேண்டும், அதன் ரீமேக் தயாராகிக்கொண்டிருக்கிறது. 2011இல் வந்த இரண்டாவதை ஆடுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் மூன்றைத் தொடங்கும்போது 'விட்சர் 2 சேவை உருவகப்படுத்து' என்பதை ஆன் செய்யுங்கள். விசிமாவில் சவரம் செய்யும் காட்சியில் வூர்ஹிஸ் கேள்வி கேட்பார். இரண்டாம் பாகத்தில் அரசர்களைக் கொன்ற விட்சர் லெத்தோவைக் கொல்லவில்லை என்று சொல்லுங்கள். வெலனில் ஒரு பாழடைந்த பண்ணையில் அவர் உயிரோடு கிடைப்பார், கேர் மோர்ஹன் சண்டைக்கும் கூப்பிடலாம்.