கேரவன் கட்ட 24 லட்சம் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 61. சேலம் அழகாபுரத்தில் சொந்த வீட்டில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப்., கிராஜுவிட்டி தொகையில் 30 லட்சத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும், 28 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டாகவும் போட்டிருக்கிறேன். பென்ஷன் மாதம் 4,800 ரூபாய்; வீட்டுச் செலவு 35,000 ரூபாய். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். கேரவன் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு மாதம் இரண்டு இரவு ஏற்காட்டிலும், ஆண்டுக்கு ஒரு முறை 40 நாள் காஷ்மீர் வரையிலும் போய்வர வேண்டும் என்பது என் 20 ஆண்டு ஆசை. புதிய வேன் 16 லட்சம் ஆகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சோலார் எல்லாம் வைத்துப் பாடி கட்ட நாமக்கல்லில் ஒரு பட்டறையில் 8 லட்சம் கேட்கிறார்கள். டெபாசிட்டை எடுக்கலாமா, கடன் வாங்கலாமா? நாங்கள் போகாத நாட்களில் வாடகைக்கு விட்டால் பாதிச் செலவு திரும்பிவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். மனைவிக்குச் சர்க்கரையும் மூட்டு வலியும் உண்டு. அவருக்கும் ஆசைதான், ஆனால் பணத்தை நினைத்துப் பயப்படுகிறார்.
— வாசகர், சேலம்

பதில்: ஐயா, உங்கள் ஆசையை ஆடம்பரம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சர்க்கரை உள்ளவருக்கு நேரத்துக்கு நேரம் வீட்டுச் சாப்பாடு கிடைப்பதும், மூட்டு வலி உள்ளவர் வழியில் கழிப்பறையைத் தேடி அலையாமல் இருப்பதும் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அப்படிப்பட்டவரை அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் போனவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும், நீங்கள் கொடுத்துள்ள கணக்கை வைத்துப் பார்க்கும்போது, இந்த வண்டியை இப்போது வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தள்ளிப்போட வேண்டியது வண்டியை மட்டும்தான்.

முதலில் உங்கள் மாத வருமானத்தைப் பார்ப்போம். சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் மாதத்துக்கு 20,500 ரூபாய், டெபாசிட்டில் 16,300 ரூபாய், பென்ஷன் 4,800 ரூபாய், ஆக 41,600 ரூபாய் வருகிறது. செலவு போக 6,600 ரூபாய் மிஞ்சுகிறது. டெபாசிட்டிலிருந்து 24 லட்சத்தை எடுத்துவிட்டால் வருமானம் 27,600 ரூபாயாகக் குறைந்து, வண்டிக்கு ஒரு சொட்டு டீசல் போடும் முன்பே மாதம் 7,400 ரூபாய் பற்றாக்குறை விழும். அதை ஈடுகட்ட உங்கள் கையில் மிஞ்சியிருப்பது 4 லட்சம் மட்டுமே.

விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கவலை வந்தது. வீட்டுச் செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று மிஞ்சுகிற 6,600 ரூபாய் மூன்றே ஆண்டுகளில் இல்லாமல் போகும். 12 ஆண்டுகளில் 35,000 ரூபாய்ச் செலவு 70,000 ரூபாயாகிவிடும். வட்டி விகிதங்கள் இப்போது உள்ளபடியே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தால் உங்கள் 58 லட்சம் உங்களுடைய 79-ஆவது வயது வரைதான் வரும். 24 லட்சத்தை வண்டியில் போட்டால், அதன் ஓட்டச் செலவைச் சேர்க்காமலேயே, 72 வயதை எட்டும்போது பணம் தீர்ந்துவிடும். வண்டியை விற்று வரும் தொகை அந்தக் காலத்தை ஓரளவுதான் நீட்டிக்கும். உங்கள் மனைவியின் பயத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

கடன் வாங்குவது இதைவிடச் சிரமமானது. 15 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு 7 ஆண்டு தவணையில் வாங்கினால் மாதத் தவணை 25,700 ரூபாய் வரும். வட்டியாக மட்டுமே ஆறரை லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். மூத்த குடிமக்கள் சேமிப்பைத் தொடும் எண்ணம் வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஓராண்டு முடிந்து இரண்டாண்டு ஆகும் முன் அந்தக் கணக்கை முடித்தால் அசலில் ஒன்றரை சதவீதம், அதாவது உங்கள் 30 லட்சத்துக்கு 45,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள்.

கேரவனின் விலையைப் பலரும் வாங்கும் நாளோடு முடிந்துபோன செலவாகவே நினைக்கிறார்கள். அதை ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. 24 லட்ச ரூபாய் வண்டியை ஏழாண்டு கழித்து 8 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே செய்த மரவேலைக்கும் குழாய் வேலைக்கும் வாங்குபவர் பெரிதாக விலை தரமாட்டார் என்பதால் இதுவே தாராளமான மதிப்பீடு. காப்பீட்டுக் கணக்கில்கூட ஐந்தாம் ஆண்டில் வண்டியின் மதிப்பைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் மதிப்பு இறங்குவதால் ஆண்டுக்கு 2.29 லட்சமும், இழக்கும் வட்டியாக 1.68 லட்சமும், காப்பீடு, சர்வீஸ், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு நான் ஒதுக்கும் 85,000 ரூபாயும் சேர்ந்து ஏறத்தாழ 4.82 லட்சம் ஆகிறது. உங்கள் திட்டப்படி ஏற்காட்டில் 24 இரவு, நெடும்பயணத்தில் 40 இரவு, மொத்தம் 64 இரவு. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்! அதே வண்டியில் ஆண்டுக்கு 150 இரவு தங்குபவருக்கு 3,200 ரூபாய்தான் ஆகும். வீட்டைப் பூட்டிவிட்டு ஆண்டில் பாதி நாள் சாலையிலேயே இருப்பவருக்குப் பொருந்துகிற வண்டி இது. நீங்கள் பயணம் போகாத மீதி 300 நாள் அழகாபுரத்துத் தெருவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தால், ஓடாத அந்த நாட்களிலும் அது உங்கள் பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

டீசல் இதில் சேரவில்லை. சேலம் வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே ஸ்ரீநகர் வரை கொண்டுசேர்க்கிறது என்பது வசதிதான். ஆனால் போய்வர ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர், ஊர்களைச் சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்தால் 8,000 ஆகும். பாடி கட்டிய வேன் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்து, டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றால் 83,000 ரூபாய் செலவாகும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் டீசல் காரில் இது பாதிதான். 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான, 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்க வழிசெய்யும் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸும் சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேன் வகைக்கு மட்டுமே உண்டு. வண்டி மினி பஸ் வகையில் சேர்க்கப்பட்டால் அந்தச் சலுகை கிடைக்காது, கட்டணமும் கூடுதல்.

நண்பர் சொன்ன வாடகை யோசனையை மட்டும் தயவுசெய்து நம்ப வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான கேரவன் (கேம்பர் வேன்) வெள்ளை எண்பலகையோடு பதிவாகிற தனியார் வாகனம்; அதைப் பணத்துக்கு விட்டால் வாடகை வாகனமாகவே கருதப்படும். அதற்கு வாடகை வாகனத்துக்கான எண்பலகை, பெர்மிட், வேறு வரி, வேறு காப்பீடு எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் வாடகைக்கு விட்ட வண்டி தொப்பூர் கணவாயில் ஒரு விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். அப்போது உங்கள் வீடு வரை ஆபத்து வரும்.

பாடி கட்டுவதிலும் இதே கவனம் வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. நாமக்கல் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை, லாரிக்குப் பாடி கட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆயினும் கட்டி முடித்த வண்டி ஆர்.சி. புத்தகத்தில் கேரவன் என்று பதிவாகும்படி சான்றிதழ் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாய்வார்த்தையாகப் பதில் வந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

மூன்றாண்டுகளுக்கு முன் நானும் குடும்பத்தோடு ஒரு கேரவனை ஐந்து நாள் வாடகைக்கு எடுத்துச் சிக்கமகளூர் வரை போய்வந்தேன். விடியற்காலையில் மலையைப் பார்த்தபடி கதவைத் திறந்துவைத்து என் தாயார் காபி போட்டுக் கொடுத்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அதே பயணத்தில், மாலை நான்கு மணியானால் இன்றிரவு வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலை தொடங்கிவிடும். ஒரு நாள் பெட்ரோல் பங்க், ஒரு நாள் கல்யாண மண்டபத்து வாசல் என்று கேட்டுக் கேட்டுத்தான் தங்கினோம். கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்பது அதைவிடப் பெரிய தலைவலியாக இருந்தது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்துக் கேரவன் பூங்காக்களுக்கு வழிசெய்தது. காஷ்மீர் வரையிலான வழியெங்கும் அப்படிப்பட்ட வசதியை எதிர்பார்க்க முடியாது. ஏற்காட்டிலேயே பார்த்தாலும், சேர்வராயன் மலையில் பெரும்பகுதி தனியார் காப்பித் தோட்டம், அல்லது காப்புக்காடு. அனுமதியில்லாமல் இரவில் வண்டியை நிறுத்திப் படுக்க முடியாது. விடுதியின் வளாகத்தில் காசு கொடுத்து நிறுத்துவதென்றால், அதே விடுதியில் அறை எடுத்துப் படுப்பதே மேல் அல்லவா?

வண்டியை ஓட்டப்போவது நீங்கள் ஒருவர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும். கண்புரை வந்தாலும் முதுகு பிடித்தாலும் 24 லட்சமும் அன்றே நின்றுவிடும்.

இனி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். டெபாசிட்டிலிருந்து 6 லட்சத்தைப் பயணத்துக்கென்றே பிரித்து, வேறு எதற்கும் தொடாத தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அது அடுத்த ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.45 லட்சம் கொடுக்கும். உங்கள் சேமிப்பு முன்பு சொன்ன 79 வயதுக்குப் பதில் 77 வயது வரை வரும். உடம்பில் தெம்பிருக்கும் இந்த ஐந்தாண்டுகளுக்காக அந்த இரண்டாண்டை விட்டுக்கொடுப்பது நியாயம் என்றே கருதுகிறேன். மீதி 22 லட்சத்தில் 6 லட்சம் மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் டெபாசிட்டாகவே இருக்கட்டும். மற்றதில் ஒரு பகுதியை விலைவாசிக்கு ஈடாக வளர வைப்பது பற்றித் தனியாக எழுதுங்கள், விரிவாகச் சொல்கிறேன். இருவருக்கும் மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் முதல் வேலையாக அதை எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மனைவியின் சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

இந்த ஆண்டுப் பயணத் தொகையில் ஒரு கேரவனை ஏழு நாள் வாடகைக்கு எடுங்கள். நாளுக்கு 8,000 ரூபாயே ஆனாலும் 56,000 ரூபாய்தான். முதல் நாளே நெடுஞ்சாலையைப் பிடிக்காமல், உங்களுக்குப் பழகிய ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பிய வண்டி வளைவில் எப்படிச் சாய்கிறது, இறக்கத்தில் பிரேக்கை எவ்வளவு நேரம் மிதிக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். மீதி நாட்களுக்குக் காரிலோ ரயிலிலோ போய் விடுதியில் தங்குங்கள். ஒரு சிறிய அடுப்பும் குக்கரும் கையோடு இருந்தால், சமைக்க அனுமதிக்கிற தங்குமிடங்களில் சாப்பாட்டுப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாண்டு வரை எத்தனை இரவு வெளியே தங்கினீர்கள், ஒவ்வோர் இரவுக்கும் எவ்வளவு செலவானது, அடுத்த நாள் காலையில் உடம்பு எப்படி இருந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பை உங்கள் மனைவி எழுதட்டும். ஆண்டுக்கு 100 இரவுக்கு மேல் அதில் இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கழிப்பறையும் படுக்கையும் மட்டும் வைத்த சிறிய வேன் ஒன்றை, எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்குள், உங்கள் மகனும் பங்கு போடும்படியாக வாங்க முடியுமா என்று அப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.