உருண்டைப் பைப்பில் டிக் வெல்டிங்: பாதி சுற்றியதும் கோணம் மாறிவிடுகிறதே, என்ன செய்வது?

மண்டபம் ஊரில் படகுக் கைப்பிடிக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப் ஒட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். டிக் வெல்டிங்கில், அதாவது டங்ஸ்டன் ஊசிமுனையில் எழும் ஆர்க்கால் (மின்பொறியால்) உருக்கி ஒட்டும்போது, தட்டைத் தகட்டில் நேராக ஓட்டினால் போதும். பைப்பில் பரப்பு நொடிக்கு நொடி கீழே வளைந்துபோகும். வெல்டிங் டார்ச்சைப் பிடித்த கை அப்படியே நின்றால் சாய்வு கூடி, ஆர்க் நீண்டு, பில்லர் கம்பி (இணைப்பை நிரப்ப உருக்கும் கம்பி) உருகும் இடத்தைத் தொடுமுன்பே சொட்டிவிடும்.

அதனால் முதலில் ஆர்க் போடாமல் வெறும் கையால் சுற்றிப் பாருங்கள். மணிக்கட்டை மட்டும் திருப்பாமல் முழங்கையையும் சேர்த்து நகர்த்த வேண்டும். தொடக்கத்தில் கை கொஞ்சம் முறுக்கியபடி இருக்கட்டும். முடிக்கும்போது இயல்பாக வந்துவிடும். டார்ச் 10 முதல் 15 டிகிரி சாய்வு, ஊசிமுனைக்கும் பைப்புக்கும் 2 மி.மீ.க்குள் இடைவெளி. நான்கு இடத்தில் டேக் (பைப்பைப் பிடித்து நிறுத்தும் சிறு ஒட்டு) வைத்து, கால் சுற்று முடித்ததும் எதிர்ப்பக்கக் கால் சுற்றுக்குப் போங்கள். பைப் கோணாது.

1.5 மி.மீ. கனத்துக்கு 50 ஆம்பியரில் தொடங்கலாம். பைப் சூடேற ஏற, ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் பெடலில் காலைத் தளர்த்துங்கள்.

அப்புறம் நம்ம கடற்கரைக் காற்று. கச்சான் வீசும்போது திறந்த வெளியில் ஆர்கான் (உருகும் இடத்தைக் காற்றுப்படாமல் காக்கும் வாயு) நிற்காது. தையல் (வெல்டிங் கோடு) கறுத்துச் சிறுசிறு துளை விழும். வாயுவைக் கூட்டாமல் தார்ப்பாய் கட்டி மறையுங்கள். தையல் வைக்கோல் நிறத்தில் மின்னினால் சரி, சாம்பல் நிறமென்றால் சூடு அதிகம். எஸ்.எஸ். பிரஷ்ஷால் மட்டுமே தேயுங்கள். சாதா இரும்புப் பிரஷ் விட்ட துகள் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்புள்ளியாகிவிடும்.