கோத்தகிரி குளிர்ல போவா வளர்க்க ரூம் ஹீட்டர் போதுமா?

கேள்வி: நாங்க கோத்தகிரில இருக்கோம். கோயம்புத்தூர்ல என் மாமா பையன் வெளிநாடு போறான், அவன் வளர்க்குற போவா கன்ஸ்ட்ரிக்டரை என்னை வெச்சுக்கச் சொல்றான். ஒன்றரை வயசு, மூணு அடி இருக்கும். நான் இதுவரைக்கும் பாம்பு வளர்த்ததே இல்ல. ராத்திரி ரூம் ஹீட்டர் போட்டுவிட்டா போதுமா? எங்க அம்மா வேற அது விஷப்பாம்பான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.

பதில்: அம்மாகிட்ட விஷம் இல்லன்னு தைரியமா சொல்லிடுங்க. கடிச்சா ரத்தம் வரும், வலிக்கும், அவ்ளோதான். எலும்பை நொறுக்கிடும்னு சொல்றதும் கதை, அது இரையைச் சுத்தி இறுக்குறப்ப ரத்த ஓட்டம்தான் நிக்குது.

அடுத்து பேப்பர் விஷயம், இதை முடிக்காம பாம்பு மலை ஏறவே வேண்டாம். போவா நம்ம நாட்டுப் பாம்பு இல்ல, மெக்சிகோல இருந்து அர்ஜென்டினா வரைக்கும் இருக்குறது, சைட்டீஸ்ங்குற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட பட்டியல்ல வர்ற உயிரினம். 2022ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம், 2024ல வந்த விதிப்படி இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினம் யார்கிட்ட இருந்தாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியிருக்கணும், கை மாறினா அதையும் பதிவு பண்ணணும். உங்க மாமா பையன் பேர்ல பதிவு இருக்கான்னு முதல்ல கேளுங்க. "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க"ன்னு சொன்னான்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, சொந்தக்காரன்னு பாக்காதீங்க. இதோட சேர்த்து இன்னொண்ணு, போவா வளர்க்கலாம்னா மலைப்பாம்பும் மண்ணுளிப்பாம்பும் வளர்க்கலாம்தானேன்னு சில பேர் கேக்குறாங்க, கூடவே கூடாது, நம்ம நாட்டுப் பாம்பை வீட்ல வெச்சா ஜெயில்தான்.

இப்ப ஹீட்டருக்கு வருவோம். ரூம் ஹீட்டர் போதாது. கோத்தகிரி 1,800 மீட்டர் உயரத்துக்குப் பக்கத்துல இருக்கு, டிசம்பர் ஜனவரி ராத்திரி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். போவாவுக்கு பெட்டியோட ஒரு பக்கம் 31, 32 டிகிரி வேணும், இன்னொரு பக்கம் 25, 26, ராத்திரில கூட 23க்குக் கீழ இறங்கக் கூடாது. சூடு வேணும்னா அந்தப் பக்கம் போகும், போதும்னா இந்தப் பக்கம் வரும், பாம்பு தன் உடம்பு சூட்டை அப்படித்தான் பாத்துக்குது. ரூம் ஹீட்டர் போட்டா ரூம் முழுக்க ஒரே மாதிரி சூடு, அதுவும் ஃபேன் ஹீட்டர்னா காத்தைக் காயவெச்சு கரண்ட் பில்லையும் ஏத்தும்.

மீன் தொட்டி மாதிரி கண்ணாடி டேங்க் நம்ம மலைக்கு சரிப்படாது, சூடு நாலு பக்கமும் ஓடிரும். ப்ளைவுட்ல நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு அடில பெட்டி அடிச்சு முன்னாடி மட்டும் ஸ்லைடிங் கண்ணாடி வெச்சு பூட்டு போடுங்க. வெளிப்பக்கம் மூணு சைடும் அடிலயும் தெர்மாக்கோல் ஷீட் ஒட்டுங்க, காத்து ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க. சிமெண்ட் தரைல வைக்கவே வேண்டாம், ஸ்டூல் மேல ஏத்துங்க. உள்ள மேல செராமிக் ஹீட் பல்பு (வெளிச்சம் வராது, சூடு மட்டும்தான்), செராமிக் ஹோல்டர்ல, சுத்தி கம்பி வலைக் கூண்டு போட்டு. அந்தக் கூண்டு இல்லன்னா பாம்பு பல்பையே சுத்திக்கும், வெந்து போனாலும் விடாது. எல்லாத்துக்கும் மேல தெர்மோஸ்டாட், அதாவது வெச்ச டிகிரி வந்ததும் ஹீட்டரைத் தானா நிறுத்துற கருவி, அது இல்லாம எந்த ஹீட்டரையும் பாம்புப் பெட்டில மாட்டாதீங்க. சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்க, ஒட்டுற வட்ட மீட்டரை நம்பாதீங்க. இது இப்போதைக்கு, வளர்ந்தப்புறம் ஆறடி பெட்டி வேணும், பொண்ணா இருந்தா ஏழெட்டு அடி கூட போகும், இருபது வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கும். உங்க கல்யாணம், வேலை, வீடு மாத்துறது எல்லாத்தையும் அது பாக்கும், யோசிச்சுக்கோங்க.

மலைல இருக்குறவங்க நிறைய பேர் ஏமாறுற இடம் ஈரப்பதம். "இங்க மழைக்காலத்துல சுவரே வேர்க்குது, போவாவுக்கு 60, 70 சதவீதம்தானே, நம்மகிட்ட 90 இருக்கே"ன்னு நினைப்பாங்க. வெளிய 12 டிகிரில 90 சதவீதம் காட்டுற அதே காத்தை பெட்டிக்குள்ள 28 டிகிரிக்குச் சூடாக்கினா மீட்டர் 33 கிட்ட வந்து நிக்கும், ஏன்னா சூடான காத்து நிறைய தண்ணியைத் தாங்கும், ஆனா உள்ள இருக்குற தண்ணி அதே அளவுதான். அதனாலதான் வெளிய பனிமூட்டம் கண்ணை மறைக்கும், உள்ள பாம்புக்கு தோல் உரிய மாட்டேங்குது, துண்டு துண்டா வால் நுனிலயும் கண்ணு மேலயும் ஒட்டிக்கிட்டு நிக்கும். தண்ணிக் கிண்ணத்தை சூடான பக்கம் நகர்த்துங்க, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) நல்லா ஆழமா போட்டு அடில மட்டும் ஈரமா வைங்க, மேல கை வெச்சா காஞ்சிருக்கணும். கண்ணு நீலமா பால் பூத்த மாதிரி ஆச்சுன்னா தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அந்த வாரம் கையில எடுக்காதீங்க, மூடி போட்ட டப்பால ஓட்டை போட்டு ஈரக் கோகோபீட் போட்டு உள்ள வெச்சா அதுவே போய் படுத்துக்கும். மரத்துல இருந்து பாசி பிச்சுட்டு வந்து போடாதீங்க, உண்ணியும் பூச்சியும் கூடவே வரும். ஈரமும் சூடும் சேர்ந்தா அதுக்கு சுகம், ஈரமும் குளிரும் சேர்ந்தா சளி. மூக்குல நுரை, வாயைத் திறந்து மூச்சு வாங்குறது, டிக் டிக்னு சத்தம் இதெல்லாம் பாத்தா டாக்டர்தான், தைலம் தடவறது ஆவி பிடிக்கிறது எல்லாம் வேண்டாம். ஊர்வன பாக்குற டாக்டர் கோயம்புத்தூர்ல யாருன்னு இப்பவே உங்க மாமா பையன்கிட்ட நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க.

கரண்ட் கட்டுக்கு என்ன பண்ணுவீங்கன்னு நீங்க கேக்கல, நான் கேக்குறேன். காத்து மழைல ஒரு மரம் லைன் மேல விழுந்தா நம்ம பக்கம் எப்ப வரும்னு சொல்லவே முடியாது. 150 ஏஎச் பேட்டரி இன்வர்ட்டர் நல்ல நிலைல இருந்து வேற எதுவும் ஓடலைன்னா ஒரு 100 வாட் செராமிக் பல்பை எட்டு மணி நேரம் தாங்கும். அதுவும் போச்சுன்னா பாட்டில்ல வெந்நீர் ஊத்தி டவல் சுத்தி உள்ள வைங்க, பெட்டி மேல கம்பளி போடுங்க. ரூமுக்குள்ள கரி அடுப்பு மட்டும் வைக்காதீங்க, மூடின ரூம்ல கார்பன் மோனாக்சைடு சேர்ந்து மனுஷனுக்கே உயிர் போயிரும். வயிறு காலியா இருக்குற ஆரோக்கியமான போவா ஒரு ராத்திரி 20 டிகிரிய சமாளிச்சிரும். சாப்பிட்டுட்டு குளிர்ல மாட்டினாதான் ஆபத்து, செரிக்காம எலி உள்ளயே அழுகி அப்படியே கக்கிரும், அந்த நாத்தம் வீட்டை விட்டுப் போக ரெண்டு நாள் ஆகும். கக்கினா பசிக்கும்னு மறுநாளே ஊட்டாதீங்க, ரெண்டு வாரம் விட்டுட்டு சின்ன எலியா குடுங்க. அதனால புயல் எச்சரிக்கை இருக்குற வாரம் சாப்பாடு தள்ளிப்போடுங்க, போவா பட்டினி கிடந்து சாகாது.

மத்தபடி சாப்பாடு ஈசி. பாம்போட உடம்புல பருமனான இடம் எவ்ளோ இருக்கோ அந்த அளவு எலி, இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, பெருசானப்புறம் மாசத்துக்கு ஒண்ணே போதும். ஃப்ரீசர்ல வெச்ச பண்ணை எலியை ராத்திரி ஃப்ரிட்ஜ்ல இளக்கி, கவர்ல போட்டு சுடுதண்ணில வெதுவெதுப்பாக்கி நீளமான இடுக்கில பிடிச்சு நீட்டணும், கையால குடுக்காதீங்க. தோட்டத்துல பிடிச்ச எலி வேண்டவே வேண்டாம், யார் எங்க எலிமருந்து வெச்சிருக்காங்கன்னு தெரியாது. எலி வைக்க தனி ஃப்ரீசர் டப்பா, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டு! சாப்பிட்டா ரெண்டு நாள் தொடக் கூடாது, தொட்டா சோப்பு போட்டு கை கழுவணும், சால்மொனெல்லாங்குற வயித்துப்போக்குக் கிருமி இருக்கும்.

பூட்டு சொன்னேன் இல்லயா, அது விளையாட்டு இல்ல. போவா முதுகுல இருக்குற பழுப்புப் பட்டையை தூரத்துல பாத்தா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு கண்ணாடி விரியன் மாதிரிதான் தெரியும், தடியோடதான் வருவாங்க. போர் அடிச்சாலும் சோலைக்காட்டுல கொண்டு போய் விட்டுறாதீங்க, குளிர்ல செத்துப்போகும், சட்டப்படியும் தப்பு, அது கூட கொண்டு போற நோய் வேற நம்ம காட்டுப் பாம்புக்குப் பரவும்.

கடைசியா கொண்டு வர்றது. பெட்டியை ஒரு வாரம் காலியா ஓடவிட்டு விடியக்காலை நாலு மணிக்கு என்ன ரீடிங் காட்டுதுன்னு பாருங்க, அது சரியா வந்தப்புறம்தான் பாம்பு. மாமா பையனை ஒரு வாரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்க. பாம்பைத் தலைகாணி உறைல விட்டு உறையோட வாயை முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட தெர்மாக்கோல் பெட்டில வெச்சு, வெயில் ஏறினப்புறம் மேட்டுப்பாளையத்துல இருந்து கார்ல கிளம்புங்க, பஸ் வேண்டாம். வந்ததும் பெட்டில விட்டு ஒரு வாரம் தொந்தரவு பண்ணாதீங்க, தண்ணி மட்டும் மாத்துங்க, எட்டாவது நாள் முதல் எலி, வழக்கத்தை விட ஒரு சைஸ் சின்னதா.