சின்னத் தோட்டத்துக்கு எந்தக் கோழிக்கூண்டு?

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி சின்னத் தோட்டம் இருக்குங்க, நாலு கோழி வளர்க்க ஆசை. 'ஆறு கோழிக்கு'ன்னு போட்டு ஒரு ரெடிமேட் மரக்கூண்டு பார்த்தேன், அழகா இருக்கு. வாங்கலாமா?

பதில்: அந்த 'ஆறு'ங்கற நம்பரை நம்பாதீங்க, டேப் எடுத்து அளந்து பாருங்க. ராத்திரி அடையுற இடம் மட்டும் ஒரு கோழிக்கு 4 சதுர அடியாவது வேணும், வெளிய மேயற அடைப்பு தனியா, ஒரு கோழிக்கு 8, 10 சதுர அடின்னு வெச்சுக்கோங்க, இடம் பத்தலன்னா ஒண்ணையொண்ணு கொத்தி இறகைப் பிடுங்க ஆரம்பிச்சிடும். தோட்டம் அவ்வளவு தாங்காதுன்னா மூணு கோழியோட நிறுத்திக்கோங்க, அதான் என் கட்சி.

முட்டைப்பெட்டி நாலுக்கு ஒண்ணு போதும். ஆனா உட்கார்ற கட்டை பெட்டியை விட உயரத்துல இருக்கணும், இல்லன்னா பெட்டிக்குள்ளயே தூங்கி முட்டையெல்லாம் எச்சமாக்கிடும். காத்துக்கு ஓட்டை கூரையை ஒட்டி மேல இருக்கட்டும், தூங்கற கோழி மேல நேரா அடிக்கக் கூடாது.

அறுகோண ஓட்டை போட்ட மெல்லிசு கம்பிவலை கோழி வெளிய போகாம தடுக்கும், அவ்வளவுதான், நாய் கடிச்சா பிஞ்சிடும், எலி சும்மா நுழையும். அரை இஞ்ச் ஓட்டை இருக்கற வெல்டு மெஷ், அதாவது பத்தவெச்ச கெட்டிக் கம்பிவலை போடுங்க.

மரக்கூண்டுல இன்னொரு தொல்லை, இடுக்குல செவப்புப் பேன், அதாவது கோழி ரத்தத்தை உறிஞ்சற குட்டிப் பூச்சி, ஒளிஞ்சுக்கும். ராத்திரி டார்ச் அடிச்சு கட்டை முனையைப் பாருங்க, குட்டிக் குட்டியா ஊரும். அதனால கட்டையைக் கழட்டிக் கழுவ முடியற மாடலா, கை உள்ள முழுசாப் போற கதவாப் பார்த்து வாங்குங்க.