மதுரை – டொராண்டோ: 15 மணி நேரமா, 26 மணி நேரமா?

கேள்வி: மதுரையிலிருந்து டொராண்டோ 13,650 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகிறது என்றால் 15 மணி நேரம்தானே ஆக வேண்டும்? மகன் அனுப்பிய டிக்கெட்டில் சென்னை, லண்டன் வழியாக 26 மணி நேரம் வருகிறது. ஏஜென்ட் சுற்றுவழியில் போட்டுவிட்டாரா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. ஏஜென்டைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மதுரை – சென்னை சுமார் 420, சென்னை – லண்டன் 8,220, லண்டன் – டொராண்டோ 5,700. மொத்தம் 14,340 கி.மீ. நேர்வழியைவிட 700 கி.மீ. கூடுதல், பறக்கிற நேரத்தில் ஒரு மணிகூட வராது. சுவரில் தொங்கும் உலகப்படத்தை நம்பாமல் பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள். மதுரை – டொராண்டோ நூல் மேற்கு ரஷ்யா, கிரீன்லாந்து மேலாகத்தான் போகும். லண்டன் வழியாகப் போவதால் சுற்று அதிகமில்லை.

உங்கள் கணக்கு இடறுவது அந்த 900-இல். அது உயரே போய் நிலைத்த பிறகு வரும் வேகம். டிக்கெட் நேரமோ விமானம் நிற்குமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். சென்னைக்கு உங்கள் கணக்கில் 28 நிமிடம். டிக்கெட்டில் ஒன்றரை மணியை ஒட்டி வரும்.

அடுத்தது காற்று. 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகக் காற்று ஓடுகிறது; குளிர்காலத்தில் இன்னும் பலமாக. எதிர்க்காற்று 100 கி.மீ. என்றால் லண்டன் – டொராண்டோ வான்பயணம் 7 மணிக்கு மேல். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். 6 மணிக்குள் முடியும்.

ஆக, மூன்று விமானத்துக்கும் சேர்த்து 1½ + 11 + 8 = 20½ மணி. மீதி 5½ மணி இரண்டு ஊர்களில் காத்திருப்பு. அது வேண்டும். 22 மணியில் போகலாம் என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். முதல் விமானம் சற்றுத் தாமதித்தாலும் அடுத்தது போய்விடும்.

புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். சனி இரவு 8 மணிக்குக் கிளம்பி ஞாயிறு பகல் 12.30-க்கு இறங்கினால் 16½ மணி போலத் தெரியும். கோடையில் 9½, குளிர்காலத்தில் 10½ மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மகனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றும் ஒரே பி.என்.ஆரா? ஆம் என்றால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததை விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மதுரை கவுன்டரில் பெட்டிச் சீட்டில் டொராண்டோவின் ‘ஒய்.ஒய்.இசட்’ எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை டிக்கெட் தனி என்றால், பெட்டியை எடுத்துக்கொண்டு சர்வதேச முனையத்துக்கு மாற வேண்டும். கவுன்டரோ புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அப்படியானால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள், அல்லது முந்தின இரவே பாண்டியன் ரயிலில் ஏறிவிடுங்கள்.