ஆசிரியர்களுக்குக் கற்பிக்க ஆசை: எந்த மேற்படிப்பு, எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி: ஏழு ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். வெளிநாட்டில் ஆசிரியர் கல்வியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். எம்.எட்., எம்.ஏ.டி., எட்.டி. என்ற பெயர்களே குழப்புகின்றன. விண்ணப்பத்துடன் கேட்கும் நோக்க அறிக்கையில் (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) என்ன எழுதுவது? பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது? இளங்கலையில் என் மதிப்பெண் சுமார்தான்.

பதில்: அமெரிக்காவில் எம்.ஏ.டி. என்பது பெரும்பாலும், ஒரு பாடத்தில் பட்டம் பெற்று இனிமேல்தான் ஆசிரியராகப் போகிறவர்களுக்கானது. இங்கிலாந்தின் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பும் அப்படித்தான். ஏழு ஆண்டு வகுப்பறையில் நின்ற நீங்கள் அதில் சேர்ந்தால், தெரிந்ததையே பணம் கட்டித் திரும்பப் படிப்பீர்கள். அந்த நாட்டுப் பள்ளியில் வேலை பார்க்க உரிமம் வேண்டும் என்றால் மட்டும் கதை வேறு. எம்.எட். பொதுவாகப் பணியில் இருப்பவர்களை மனத்தில் கொண்டு அமைந்தது. எட்.டி., பிஎச்.டி. இரண்டும் முனைவர் பட்டங்கள். முன்னது நடைமுறைச் சிக்கல்களை நோக்கியது, பின்னது ஆய்வை. பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர் பணிதான் இலக்கு என்றால் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள், எம்.எட். அதற்கான படிக்கட்டு.

ஆனாலும் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். பாடப் பட்டியலைத் திறந்து இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: ஆசிரியர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றிய பாடம் இருக்கிறதா? பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, அவர்களுடன் பேச உங்களுக்கு வாய்ப்பு உண்டா? இரண்டும் இல்லையென்றால் அது நல்ல படிப்பாகவே இருக்கலாம், உங்களுக்கானது அல்ல.

நோக்க அறிக்கைக்கு வருவோம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘சிறுவயது முதலே கற்பித்தல் என் கனவு’ என்று தொடங்கி, தனக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். தேர்வுக் குழு இதைப் படித்துச் சலித்துப்போயிருக்கும். சலிப்பைவிடப் பெரிய காரணமும் உண்டு. பள்ளியை முடிப்பதற்குள் ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று 1975இல் சமூகவியலாளர் டேன் லோர்ட்டி கணக்கிட்டார். பார்வையாளராக இருந்து பெற்ற அந்தப் பழக்கமே ‘கற்பித்தல் என்றால் இதுதான்’ என்ற எண்ணத்தை நமக்குள் பதித்துவிடுகிறது. அந்த எண்ணத்தை அசைத்துப் பார்ப்பதுதான் ஆசிரியர் கல்வியின் வேலை. நீங்களோ விண்ணப்பத்திலேயே அதைக் கொண்டாடிக்கொண்டிருப்பீர்கள்.

அதற்குப் பதிலாக, உங்களை உறுத்திய ஒரு வகுப்பறைக் கேள்வியை எழுதுங்கள். நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் ஓர் உதாரணம். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அதற்கு ஒரு கதைக் கணக்கும் உருவாக்கும்படி 1980களின் இறுதியில் ஆய்வாளர் டெபோரா லோவென்பெர்க் பால் பயிற்சி ஆசிரியர்களிடம் கேட்டார். பலர் விடையைச் சரியாகப் போட்டார்கள். பொருத்தமான கதை சொன்னவர்கள் மிகச் சிலர். தவறான கதைகளில் அதிகம் வந்தது, அரையால் வகுக்காமல் பாதியாகப் பிரிக்கும் கதைதான். (ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரை அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் மூன்றரை புட்டி. சொன்னதும் எளிதாகத் தெரிகிறது, இல்லையா?) கணக்குப் போடத் தெரிவதற்கும் கற்பிக்கத் தெரிவதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை நீங்களும் எங்கோ பார்த்திருப்பீர்கள், பக்கத்து வகுப்பின் புதிய ஆசிரியரிடமோ, முதல் ஆண்டில் உங்களிடமோ. அதைச் சொல்லுங்கள். என்ன முயன்றீர்கள், எங்கே தோற்றீர்கள், எந்தக் கேள்விக்கு இன்னும் விடையில்லை என்று எழுதுங்கள். பிறகு அந்தக் கேள்வியில் நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் யார் ஆய்வு செய்கிறார்கள், அவருடைய எந்த ஆய்வு உங்களுக்கு உதவும் என்று இரண்டு வரி. அதற்கு அவருடைய ஒரு கட்டுரையையாவது உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்து எழுதினால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பதவியைப் பார்த்து ஓடாதீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு நாளும் உட்காராத பெரிய அதிகாரி ‘நேர்மையானவர், கடின உழைப்பாளி’ என்று எழுதித் தருவார், அதனால் பயனில்லை. உங்கள் பாடத்தை நேரில் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர், புதியவர்களுக்கு நீங்கள் வழிகாட்டியதை அறிந்தவர் ஒருவர், முடிந்தால் கல்லூரியில் கற்பித்தவர் ஒருவர் போதும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். நோக்க அறிக்கையின் நகலையும், அவர் பார்த்த ஓரிரு நிகழ்ச்சிகளை நினைவூட்டும் குறிப்பையும் கொடுங்கள்.

மதிப்பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். காரணம் இருந்தால் இரண்டு வாக்கியம், இல்லையென்றால் மௌனம். மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ.யைப் பல கல்வித் துறைகள் இப்போது கேட்பதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. பட்டம் தருவது பல்கலைக்கழகம். பள்ளியில் கற்பிக்கும் உரிமம் தருவது பெரும்பாலும் அரசோ அது அமைத்த வாரியமோ. ஓர் இடத்துப் பட்டம் இன்னோர் இடத்தில் தானாகவே செல்லுபடியாகும் என்று எண்ணிவிடாதீர்கள். படித்தபின் எங்கே வேலை செய்யப் போகிறீர்களோ, அந்த ஊர் வாரியத்துக்கு இப்போதே எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.